எட்டாவது புகைக்கூண்டு

வெளியே நின்று எண்ணினால் கூரைமேல் எட்டு.
உள்ளே அறை அறையாய்ப் போனால் கணப்பு ஏழு.
மூன்று வருஷமாய் இந்த ஹோட்டலில்
பல்பு மாற்றி, பைப்பு அடைப்பெடுத்து
ஏணியோடு அலைகிறவன் நான்
இதை எண்ணிப் பார்த்ததே இல்லை.

வரவேற்பறையில் பித்தளைப் பலகை:
'ஸ்ட்ராத்வே. கட்டியவர் ஆலன் பிரைஸ்டன், 1891.'
ஒற்றை ஆள்.
எழுபத்திரண்டு ஜன்னல், தேக்கு மாடிப்படி,
சாப்பாட்டு மேசைக்கு மேலே
சுண்ணாம்பில் வார்த்த திராட்சைக் குலை
(இந்த மலையில் திராட்சை காய்த்ததே கிடையாது),
எல்லாம் தனியாளாய்க் கட்டியிருக்கிறார்.
பாவம், கை வலித்திருக்கும்.

அப்புத்தளை வாடை வந்து மோதும் வடக்குப் பக்கம்
ஜன்னலெல்லாம் சின்னது.
குசினிக்காரர்கள் படுத்தது அங்கேதான்.
தெற்கே துரையின் படுக்கையறை:
வானம் தெளிந்தால் கடல் ஒரு கோடாய்த் தெரியும்.
இப்போது அந்தக் கோட்டுக்கு
ஓர் இரவுக்கு எண்பதாயிரம்.
வடக்கறைகளுக்கும் பெயர் வைத்தாகிவிட்டது,
'பாரம்பரிய அறை' என்று. அறுபது.
ஹீட்டர் போதவில்லையென்று
நடுராத்திரி என்னைக் கூப்பிடுவார்கள்.

நேற்று மெனேஜர் நிஷாந்த சொன்னார்:
"மேல்மாடிக்கு சிக்னல் இல்ல.
ரவுட்டரக் கண்ணில படாத இடத்தில வை."
கண்ணில் படாத இடமா இல்லை இந்த வீட்டில்?
வேலைக்காரர் ஏறிய இரண்டடிப் பின்படி,
தோட்டி வந்துபோன குளியலறைப் புறக்கதவு.
அந்தக் கதவை அடைத்து
வெள்ளைத் தொட்டி போட்டிருக்கிறார்கள்.
நான் கூரைக்கு ஏறினேன்.

தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே
வௌவால் புழுக்கையில் தவழ்ந்துபோய்
டோர்ச் அடித்தால், எட்டாவது கூண்டுக்குக் கீழே
கணப்பு இல்லை, குழாய் இல்லை.
வெறும் உத்திரத்தின்மேல் நிற்கிறது செங்கல்.
கிழக்கே நான்கு, மேற்கே மூன்று என்றிருந்தால்
பாதையிலிருந்து பார்க்க வீடு நொண்டியிருக்கும்.
அழகுக்கு ஒரு பொய்.
அதற்கும் கல் சுமந்திருக்கிறார்கள்
மலை அடிவாரத்திலிருந்து.

பெயர்ந்த கல்லின் சந்தில் தலையை நுழைத்தேன்.
மற்ற ஏழும் உள்ளே கரி.
இது, நேற்றுச் சூளையில் இறக்கியதுபோல்
பச்சைச் சிவப்பு.
அந்தச் சிவப்பில் ஆணியால் கீறிய கோடுகள்,
ஆறு ஆறாய். ஞாயிறு இல்லை.
சில முழுசு. சில பாதியில் நின்றவை.
விளங்க எனக்கு நேரம் எடுக்கவில்லை.
உழைத்த நாளுக்குப் 'பேர்' என்றுதானே
எங்கள் தோட்டத்தில் பேர்.
மழைக்கு ஒதுங்கினால் அரைப்பேர்,
கங்காணி மனசு கோணினால் பேரே இல்லை.
எவனோ தன் கணக்கைத் தானே வைத்திருக்கிறான்,
துரையின் புத்தகத்தை நம்பாமல்,
எவரும் எட்டிப் பார்க்காத பொய்யின் வயிற்றில்.

எண்ணினேன். முப்பத்தெட்டுப் பேர், ஒன்பது அரை.
கடைசி வரிசையில் ஒரு பாதிக் கோட்டை
அப்புறமாய் வந்து
அழுத்தி இழுத்து முழுசாக்கியிருந்தான்.
சண்டை போட்டு வாங்கினானோ,
வாங்க முடியாமல்
தனக்குத்தானே கொடுத்துக்கொண்டானோ.
பெயர் எழுதவில்லை. பேர் மட்டும்.

கோடுகளைத் தொடாமல்
எதிர்ப்பக்கம் ஆணியடித்து ரவுட்டரை மாட்டினேன்.
பச்சை லைட் சிவப்பில் விழுந்து விழுந்து எழுந்தது.

இறங்கி வந்தால் நிஷாந்த
ஃபோனை உயர்த்திக் காட்டுகிறார்:
"பார், நாலு கோடும் முழுசா வருது!
எங்க வச்ச?"
கூரையில், என்றேன்.
போன மாசம் மூட்டம் இறங்கிக் கரண்டு போன
வெள்ளிக்கிழமை
எனக்கு அரைநாள்தான் போட்டிருக்கிறீர்கள்,
அதையும் பாருங்கள், என்றேன்.

அவர் ஃபோனை வைத்துவிட்டு
ரெஜிஸ்டரைத் தேடினார்.